ஸ்டேட்மென்ட் சம் வந்தாலே புள்ள முழிக்குதா? பெத்தவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

சாயங்காலம் வீட்டுத் திண்ணையில ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் பசங்களுக்கு டியூஷன் எடுக்குறேன். புள்ளைய கூட்டிட்டுப் போக வர்ற அம்மா அப்பா, தாத்தா பாட்டின்னு எல்லாரும் வாசல்ல நின்னு கேக்குறது சுத்திச் சுத்தி ஒரே விஷயம்தான், கதை மாதிரி எழுதிக் கேக்குற ஸ்டேட்மென்ட் சம், அதாவது வாக்கியக் கணக்கு. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்ஆப்ல வாய்ஸ் நோட் போட்டுப் போட்டு தொண்டை போயிடுச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

கூட்டல் கழித்தல் பெருக்கல் எல்லாம் டக்கு டக்குனு போடுறான், அதே கணக்கு கதையா வந்தா மட்டும் பேனாவ கடிச்சிட்டு உக்காந்துடுறானே, ஏன்?

ஏன்னா அது ரெண்டு வேலை. 45 + 27னு கொடுத்தா என்ன செய்யணும்ங்கறத நாமளே சொல்லிட்டோம், அவன் செஞ்சா மட்டும் போதும். வாக்கியக் கணக்குல என்ன செய்யணும்னு அவனே முடிவு பண்ணணும், அதுக்கு முன்னாடி அங்க என்ன நடக்குதுன்னு அவனுக்குப் புரியணும். என் அனுபவத்துல இந்த மாதிரி முழிக்கிற பசங்கள்ல பாதிப்பேருக்கு மேல கணக்குல பிரச்சனையே இல்ல, வாசிக்கிறதுலதான். எழுத்துக் கூட்டி அந்த வரி முடியறதுக்குள்ள வரி ஆரம்பம் மறந்து போயிடும், கடைசியில கண்ணுல நிக்கிறது அந்த ரெண்டு நம்பர் மட்டும்.

டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னா சிம்பிள். அதே கணக்க நீங்க வாயால சொல்லுங்க. சட்டுனு பதில் சொல்லிட்டான்னா அவனுக்குக் கணக்கு வருது, வாசிப்புதான் தடுக்குதுன்னு அர்த்தம். தினமும் பத்து நிமிஷம் ஏதாவது கதை சத்தமா வாசிக்க வைங்க, ரெண்டு மாசத்துல கணக்கு மார்க்கும் கூடவே ஏறும்.

படிச்ச உடனே "கூட்டலாம்மா கழித்தலாம்மா"ன்னு கேக்குறா, சொல்லிட்டா போட்டுடுவா. சொல்லிடலாமா?

சொல்லாதீங்க. அந்தக் கணக்குல இருக்குற ஒரே கஷ்டமான வேலைய நீங்க செஞ்சு கொடுத்துட்டு, ஈஸியான பாதிய மட்டும் அவகிட்ட விடுறீங்க. பதிலுக்கு "கதையில என்ன நடந்துச்சு, சொல்லு"ன்னு கேளுங்க. முதல் ஒரு வாரம் எரிச்சல் வரும், அவளுக்கும் உங்களுக்கும். பரவால்ல.

அப்போ முதல்ல என்னதான் செய்யச் சொல்லணும்? ரெண்டு தடவ படின்னா படிச்சிட்டு அப்படியே பாக்குறான்.

"நல்லாப் படி"ன்னு சொன்னா ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் புரியாது, என்ன செய்யணும்னு அதுல இல்லையே. நான் செய்யறது இதுதான். நம்பரையெல்லாம் விரலால மறைச்சுட்டு படிக்கச் சொல்லுவேன், நம்பர் வர்ற இடத்துல "கொஞ்சம்"னு சொல்லணும். போன வாரம் நாலாவது படிக்கிற ஒருத்தன் கட்டை விரல வச்சு மறைச்சுக்கிட்டு, "ஒரு தோட்டத்துல கொஞ்சம் வரிசை இருக்கு, ஒவ்வொரு வரிசையிலயும் கொஞ்சம் தென்னங்கன்னு, அதுல கொஞ்சம் காஞ்சு போச்சு, இப்ப எத்தனை"ன்னு படிச்சான். படிச்சு முடிச்சதும் அவனா "ஓ, பெருக்கிட்டு காஞ்சத கழிக்கணும்"ங்கறான். அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷமா அதே பக்கத்துல மூணு நம்பரையும் கூட்டிட்டு இருந்தவன்தான் அவன்.

நம்பர் கண்ணுல பட்டாலே பசங்க கைக்கு அரிப்பு வந்துடும், ஏதாவது செஞ்சே ஆகணும். அதை மறைச்சா வேற வழி இல்லாம கதையைக் கவனிக்கும். அப்புறம் கடைசி வரிய, அதாவது என்ன கேக்குறாங்கங்கறத, சொந்த வார்த்தையில சொல்லச் சொல்லுங்க. இது ரெண்டும் ஆனப்புறம்தான் பென்சில் எடுக்கணும்.

"மொத்தம்னா கூட்டு, மீதின்னா கழி, ஒவ்வொருன்னா பெருக்கு"ன்னு ஒரு லிஸ்ட் கொடுத்து மனப்பாடம் பண்ண வச்சிருக்காங்களே, அது நல்லதுதானே?

ரெண்டாவது வரைக்கும் ஓடும், மூணாவதுல கவுத்துடும். "செல்வி 35 ரூபாய்க்கு நோட்டு வாங்கினாள். மீதி 15 ரூபாய் இருந்தது. முதலில் எவ்வளவு வைத்திருந்தாள்?" இதுல மீதின்னு வருது, ஆனா கூட்டணும், 50. "வகுப்பில் மொத்தம் 40 பேர், 22 பேர் பெண்கள், ஆண்கள் எத்தனை பேர்?" மொத்தம்னு இருக்கு, ஆனா கழிக்கணும், 18. லிஸ்ட் வச்சிருக்குற புள்ள 20ன்னும் 62ன்னும் எழுதிட்டு வரும், 40 பேர் இருக்குற கிளாஸ்ல 62 பசங்களான்னு ஒரு நிமிஷம் கூட யோசிக்காது, ஏன்னா லிஸ்ட்தான் யோசிச்சு கொடுத்துடுச்சே.

வார்த்தைய கவனிக்க வேணாம்னு சொல்லல. வார்த்தை கதையைப் புரிஞ்சுக்க உதவணும், அவ்வளவுதான். எனக்கு இந்த லிஸ்ட் மேல ஒரு தனிக் கோவமே உண்டு, அதனால கொஞ்சம் அதிகமா பேசுறேன்னு நினைச்சாலும் சரி.

படம் வரையச் சொல்றீங்க, என் பொண்ணு மாம்பழத்துக்கு காம்பு, இலை, கலர் எல்லாம் போட்டு அரை மணி நேரம் ஆக்குறாளே?

மாம்பழம் வேணாம், கட்டம் போதும். ஒண்ணாவது ரெண்டாவதுக்கு புள்ளி வைக்கலாம், இல்லேன்னா நிஜமாவே புளியங்கொட்டைய எடுத்து பரப்பலாம். என் திண்ணையில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய புளியங்கொட்டை எப்பவும் இருக்கும். நம்ம அரசுப் பள்ளிகள்ல 2022ல 1, 2, 3 வகுப்புக்கு ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துலயும் இப்படிப் பொருளை கையில எடுத்துப் பழகித்தான் ஆரம்பிக்கிறாங்க, அதனால விரல் விட்டு எண்ணுனா திட்டாதீங்க.

மூணாவதுலேர்ந்து நீளக் கட்டம். சிங்கப்பூர்ல 1980கள்லேர்ந்தே ஆரம்பப் பள்ளியில இதைத்தான் சொல்லித் தர்றாங்க. "அண்ணன், தம்பி இருவரிடமும் சேர்த்து 60 ரூபாய். அண்ணனிடம் தம்பியைப் போல் 3 மடங்கு." தம்பிக்கு ஒரு கட்டம் போடு, அண்ணனுக்கு அதே சைஸ்ல மூணு கட்டம் போடு. மொத்தம் நாலு கட்டம், நாலும் சேர்ந்து 60, ஒரு கட்டம் 15. தம்பிக்கு 15, அண்ணனுக்கு 45. முடிஞ்சுது. இதே கணக்கை கட்டம் இல்லாம வாயால விளக்கிப் பாருங்க, 60ஐ 3ஆல வகுத்துட்டு 20ன்னுதான் வந்து நிப்பாங்க.

இன்னொண்ணு: "சேர்த்து 60, அண்ணனிடம் 12 அதிகம்." ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கட்டம், அண்ணனுக்கு ஓரத்துல 12ன்னு ஒரு வால். வாலை வெட்டினா 48, அதுல பாதி 24 தம்பிக்கு, 36 அண்ணனுக்கு. வால்னு சொன்னா பசங்க மறக்கவே மாட்டாங்க.

"விட அதிகம்", "விட குறைவு" வந்தா எப்பவும் தலைகீழாப் போடுறான். இதுக்கு ஏதாவது ட்ரிக் இருக்கா?

ட்ரிக் இல்ல, ஒரு கேள்வி இருக்கு: "யாருகிட்ட ஜாஸ்தி?" இதை மட்டும் கேளுங்க. "கவிதாவிடம் 24 வளையல் உள்ளது. இது ரேவதியிடம் இருப்பதைவிட 6 அதிகம். ரேவதியிடம் எத்தனை?" அதிகம்னு பாத்ததும் 30ன்னு எழுதுவான். யாருகிட்ட ஜாஸ்தின்னு கேட்டா யோசிச்சு "கவிதா"ம்பான். அப்போ ரேவதிக்கு 24ஐ விடக் கம்மியாத்தானே வரணும்? அவனே 18னு மாத்திடுவான்.

மேல சொன்ன ரெண்டு கட்டத்த போட்டு, பெரிய கட்டத்துக்குப் பக்கத்துல முதல்ல பேர எழுத வைங்க, நம்பர் அப்புறம். இந்த வகை கணக்கு பெரியவங்களையே ஏமாத்தும், அதனால தப்புப் போட்டா பெருசா எடுத்துக்காதீங்க.

பெருக்கலா வகுத்தலான்னு தெரியல, வகுத்தாலும் எதை எதால வகுக்குறதுன்னு தெரியல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

முதல்ல "ஒண்ணுக்கு எவ்வளவு"ங்கறது தெரியுமா தெரியாதான்னு பாக்கச் சொல்லுங்க. ஒரு பெட்டிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு, கிலோ எவ்வளவு. புக்ல "வீதம்"னு போடுவாங்க, நிறைய பசங்களுக்கு அந்த வார்த்தையே தெரியாது. "5 ரூபாய் வீதம்"னா ஒண்ணு அஞ்சு ரூபான்னு அர்த்தம்னு ஒரு தடவை சொல்லிட்டா போதும். "தலா"வும் அப்படித்தான், கல்யாணப் பந்தியில ஆளுக்கு ஒரு ஜாங்கிரி வைக்கிற மாதிரி. ஒண்ணுக்கு எவ்வளவு, எத்தனை இருக்கு, இது ரெண்டும் தெரிஞ்சா பெருக்கல். மொத்தம் தெரிஞ்சு இந்த ரெண்டுல ஒண்ணு தெரியலேன்னா வகுத்தல்.

வகுத்தல்ல ரெண்டு கதை உண்டு. 24 முறுக்க 6 பேருக்கு சமமாப் பிரிச்சா ஆளுக்கு 4. 24 முறுக்க ஆளுக்கு 6 கொடுத்தா 4 பேருக்கு வரும். ரெண்டும் 24 ÷ 6தான், ஆனா நடக்குற விஷயம் வேற. ஸ்கூல்ல முதல் கதையத்தான் ஜாஸ்தி சொல்வாங்க, அதனால ரெண்டாவது வந்தா பசங்களுக்கு அது வகுத்தல்னே தோணாது. முறுக்கு வச்சே செஞ்சு காட்டுங்க, முடிஞ்சதும் தின்னுடலாம்.

வகுத்து மீதி வந்தா விடையில என்ன எழுதுறது?

கதைகிட்டதான் கேக்கணும். 38 ÷ 5 எடுத்துக்கோங்க, 7, மீதி 3. 38 பசங்க, ஒரு ஆட்டோவுல 5 பேர், எத்தனை ஆட்டோ? 8, மூணு பேர ரோட்ல விட்டுட்டுப் போக முடியாதே. 38 ரூபா இருக்கு, பேனா 5 ரூபா, எத்தனை பேனா? 7தான், கடைக்காரர் எட்டாவது தரமாட்டார். 38 லட்டுல டப்பாவுக்கு 5 போட்டது போக மிச்சம் பாட்டிக்கு, பாட்டிக்கு எத்தனை? 3. 38 ரூபாய 5 பேரு பிரிச்சா? ஆளுக்கு 7 ரூபா 60 காசு. ஒரே வகுத்தல், நாலு விடை.

இது நம்ம பசங்களுக்கு மட்டும் உள்ள பிரச்சனைன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல 1983ல நாடு முழுக்க 13 வயசுப் பசங்களுக்கு வச்ச டெஸ்ட்ல, 1128 ராணுவ வீரர்கள், ஒரு பஸ்ல 36 பேர், எத்தனை பஸ்னு கேட்டாங்க. வகுத்தல சரியாப் போட்டவங்க 70 சதவீதம். ஆனா 29 சதவீதம் பேர் "31, மீதி 12" பஸ்னு எழுதி வச்சிருந்தாங்க, 32ன்னு சரியா எழுதினது 23 சதவீதம்தான். மீதி 12 பஸ்ஸுக்கு எங்க போறது சொல்லுங்க.

ஒரே கணக்குல மூணு நாலு ஸ்டெப் வந்தா எங்க தொடங்குறதுன்னே தெரியல. நாலாவது அஞ்சாவதுல எல்லாம் இப்படித்தான் வருது.

கடைசிக் கேள்வியப் பிடிச்சு பின்னாடி நடங்க. "ஒரு வியாபாரி 12 சீப்பு வாழைப்பழம் வாங்கினார். ஒரு சீப்பில் 14 பழங்கள். அழுகிய 18 பழங்கள் போக மீதியை ஒன்று 5 ரூபாய் வீதம் விற்றார் எனில் அவருக்குக் கிடைத்த தொகை எவ்வளவு?" தொகை வேணும்னா என்ன தெரியணும்? பழம் விலை, அது இருக்கு, 5. வித்த பழம் எத்தனை, அது தெரியல. அது தெரியணும்னா மொத்தப் பழம் தெரியணும், அழுகினது தெரியணும், அழுகினது 18. மொத்தம்? 12 சீப்பு, சீப்புக்கு 14, ஆக 168. இப்ப திரும்பி வாங்க, 168ல 18 போனா 150, 150 × 5 = 750 ரூபா.

தமிழ்ல இந்த மாதிரி "போக", "எனில்", "வீதம்"னு ஒரே வாக்கியத்துல நாலு விஷயத்த கோத்து எழுதிடுவாங்க, புள்ளைக்கு மூச்சு முட்டும். பென்சில்ல குறுக்குக் கோடு போட்டு சின்னச் சின்ன வாக்கியமா உடைக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு நம்பருக்குப் பக்கத்துலயும் அது என்னன்னு எழுதணும், 168 பழம், 150 பழம், 750 ரூபா. வெறும் 168னு எழுதினா ரெண்டு வரி தள்ளி அது பழமா ரூபாவான்னு அவனுக்கே மறந்துடும்.

இங்கிலீஷ் மீடியம் புள்ள, வீட்ல யாருக்கும் அவ்வளவு இங்கிலீஷ் வராது. நாங்க எப்படி உதவுறது?

தமிழ்லயே உதவுங்க. கணக்க அவன் படிக்கட்டும், கதைய உங்களுக்குத் தமிழ்ல சொல்லட்டும். சொல்ல முடியலேன்னா அங்கதான் புரியலன்னு உங்களுக்கும் தெரிஞ்சுடும், அவனுக்கும் தெரிஞ்சுடும். "ஹவ் மெனி மோர்"னு வந்தா மோர்ங்கற வார்த்தைய பாத்துட்டு கூட்டிடுவான். "எவ்வளவு ஜாஸ்தி"ன்னு தமிழ்ல சொன்ன உடனே கழிச்சிடுவான், நேத்துகூட ஒரு பொண்ணு இப்படித்தான். மேல நான் திட்டின லிஸ்ட் இங்கிலீஷ்ல இன்னும் மோசம், "லெஃப்ட்"னா மிச்சமும் உண்டு, இடது பக்கமும் உண்டு, கிளம்பிப் போனதும் உண்டு.

9.45க்கு கிளம்பின பஸ் 11.20க்கு வந்துச்சுன்னா எவ்வளவு நேரம்? 1.75ன்னு எழுதுறா!

நேரத்துல 100 இல்ல, 60ன்னு ஆயிரம் தடவ சொன்னாலும் கை பழைய வழிக்கே போகும். கழிக்கவே விடாதீங்க, தாவ விடுங்க. 9.45லேர்ந்து 10க்கு 15 நிமிஷம், 10லேர்ந்து 11க்கு 1 மணி, அங்கேர்ந்து 20 நிமிஷம். ஆக 1 மணி 35 நிமிஷம். கிலோ, கிராம், ரூபாய்க்கெல்லாம் கடைக்கு அனுப்புறதுதான் வழி. கால் கிலோ 35 ரூபான்னா முக்கால் கிலோ 105னு கடையில நின்னு சொல்ற பையனுக்கு பின்னம் தனியா நடத்த வேண்டியதில்ல.

100 மீட்டர் ரோட்ல 10 மீட்டருக்கு ஒரு மரம் வச்சா 10 மரம்தானே? விடை 11ன்னு போட்டிருக்கு, புக் தப்பா?

புக் சரிதான், ரோட்டோட ரெண்டு முனையிலயும் மரம் உண்டுன்னா 11. கைய விரிச்சுக் காட்டச் சொல்லுங்க, விரல் 5, இடைவெளி 4. நீங்க வகுத்தது இடைவெளிய, கேட்டது மரத்த. அதே 100 மீட்டர் குளத்தச் சுத்தி இருந்தா 10 மரம் போதும், ஆரம்பமும் முடிவும் ஒரே இடம். ஒரு கட்டைய 5 துண்டாக்க எத்தனை வெட்டு? 4. 12ஆம் பக்கத்துலேர்ந்து 20ஆம் பக்கம் முடிய எத்தனை பக்கம்? 9, எட்டு இல்ல.

இந்த மாதிரி கணக்குக்கு எல்லாம் ஒரே மருந்து, சின்ன நம்பர வச்சு வரைஞ்சு பாக்குறது. 100க்குப் பதிலா 20 மீட்டர்னு வை, மூணு மரம் வரும், கண்ணுக்கே தெரியும். கிணத்துல நத்தை ஏறுற கணக்கும் இதே ஜாதிதான்: 10 மீட்டர் கிணறு, பகல்ல 3 ஏறி ராத்திரி 2 சறுக்கினா 10 நாள் இல்ல, 8. ஏழாவது நாள் முடிவுல 7 மீட்டர்ல இருக்கும், எட்டாவது பகல் 3 ஏறினா வெளிய வந்துடும், அப்புறம் ஏன் சறுக்கப் போகுது?

கோழியும் ஆடும் சேர்ந்து 20 தலை, 56 கால். அவங்க அப்பா எக்ஸ் ஒய் போட்டு சொல்லிக் கொடுக்குறார், அது ஓகேவா?

அப்பாவுக்கு ஓகே, அஞ்சாவதுக்கு வேணாம். எல்லாமே கோழின்னு வச்சுக்கோ. 20 கோழிக்கு 40 கால். 16 கால் குறையுது. ஒரு கோழிய தூக்கிட்டு அந்த இடத்துல ஒரு ஆட்ட நிறுத்தினா 2 கால் ஏறும். அப்போ 8 தடவை மாத்தணும். 8 ஆடு, 12 கோழி. என்கிட்ட ஒரு பொண்ணு "எல்லாரையும் ரெண்டு கால்ல நிக்கச் சொல்லுங்க டீச்சர், ஆட்டோட முன்னங்கால் மட்டும் அந்தரத்துல இருக்கும், அதை எண்ணுனா போதும்"னா. 16 முன்னங்கால், 8 ஆடு. நான் சொல்லிக் கொடுத்தத விட அது நல்லா இருந்துச்சு, இப்ப எல்லாருக்கும் அவ சொன்னதத்தான் சொல்றேன். எக்ஸ் ஒய் பின்னாடி தானா வரும், இந்தக் கதை மனசுல இருந்தா அது என்ன செய்யுதுன்னும் புரியும்.

விடை சரியான்னு அவனே எப்படிக் கண்டுபிடிப்பான்? எல்லாத்துக்கும் என்கிட்ட ஓடி வர்றான்.

விடைய கதைக்குள்ள திரும்பப் போடச் சொல்லுங்க. 8 ஆட்டுக்கு 32 கால், 12 கோழிக்கு 24, சேர்த்தா 56, ஓகே. அதுக்கும் முன்னாடி, போடுறதுக்கு முன்னாடியே குத்துமதிப்பா ஒரு நம்பர் சொல்ல வைங்க. வாழைப்பழக் கணக்குல "ஆயிரத்துக்குள்ள வரும்"னு சொல்லிட்டான்னா அப்புறம் 7500னு வந்தா அவனுக்கே உறுத்தும். கணக்கு சொல்லித் தர்றது பத்தி நிறைய எழுதின ஜார்ஜ் போல்யா 1945லயே நாலு படி சொன்னார், புரிஞ்சுக்கோ, திட்டம் போடு, செய், திரும்பிப் பார். நம்ம வீட்ல மூணாவது படியோட நோட்ட மூடிடுறோம்.

ஸ்டெப் எழுதலேன்னு மார்க் குறைச்சுட்டாங்க, வேற வழியில போட்டாலும் தப்பு போடுறாங்க. என்ன பண்றது?

ஸ்டெப் எழுதணும்ங்கறது நியாயம்தான். கொடுத்தது என்ன, கேட்டது என்ன, எப்படிப் போட்டேன், விடைய ஒரு முழு வாக்கியமா, இவ்வளவு எழுதிட்டா போதும். வேற வழியில போட்டதுக்கு தப்பு போடுறது எனக்கும் பிடிக்காது, என் பொண்ணுக்கே ஒரு ஸ்கூல்ல நடந்திருக்கு, நோட்ட எடுத்துட்டுப் போய் பொறுமையாப் பேசினேன், அடுத்த தடவ மார்க் கொடுத்தாங்க. பரீட்சையில அவங்க வழி, வீட்ல உங்க வழின்னு புள்ளகிட்ட சொன்னா அதுக்குப் புரியும்.

தேவையே இல்லாத நம்பரையும் எடுத்து ஏதாவது செஞ்சுடுறான். அந்தப் பழக்கத்த எப்படி நிறுத்துறது?

விடையே இல்லாத கணக்கு ஒண்ணு கொடுத்துப் பாருங்க. ஃபிரான்ஸ்ல ரொம்ப வருஷம் முன்னாடி ஆரம்பப் பள்ளிப் பசங்ககிட்ட, "கப்பல்ல 26 செம்மறி ஆடு, 10 வெள்ளாடு இருக்கு, கேப்டனுக்கு என்ன வயசு"ன்னு கேட்டாங்க. நிறைய பேர் கூச்சமே இல்லாம 36ன்னு எழுதினாங்க. நான் கேப்டனுக்குப் பதிலா பஸ் கண்டக்டர்னு மாத்திக் கேட்டேன், எட்டுப் பேர்ல அஞ்சு பேரு வயசு கண்டுபிடிச்சிட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவ இப்படி ஒண்ணு நடுவுல சொருகுவேன், இப்பல்லாம் "இதுக்குப் பதில் கிடையாது, சும்மா ஏமாத்துறீங்க"ன்னு கத்துறாங்க, சில சமயம் நிஜக் கணக்குக்கும் கத்துறாங்க, அது வேற விஷயம்.

தினமும் எத்தனை கணக்கு போட வைக்கணும்? 20 போதுமா?

மூணு போதும். 20 கொடுத்தா நாலாவது கணக்குலேர்ந்து நம்பர மட்டும் பாத்து ஓட்டிட்டுப் போவாங்க, ஒரே பக்கத்துல எல்லாம் கழித்தல்னு தெரிஞ்சா வாசிக்கவே மாட்டாங்க. அதனால வகைய கலந்து கொடுங்க, ஒரு கூட்டல், ஒரு வகுத்தல், ஒரு "விட அதிகம்". மூணுல ஒண்ண அவனையே உருவாக்கச் சொல்லுங்க, "24 ÷ 6க்கு ஒரு கதை சொல்லு"ன்னு. முறுக்குக் கதை ரெண்டும் ஞாபகம் இருக்கான்னு அதுலயே தெரிஞ்சுடும். எங்க திண்ணையில ஒருத்தன் சொன்ன கதை: "24 இட்லி இருக்கு, அப்பா ஒரு வேளைக்கு 6 சாப்பிடுவாரு, எத்தனை வேளைக்கு வரும்?" அவங்க அப்பா அப்பத்தான் கேட்டுக்கிட்டே வாசல்ல செருப்பு கழட்டிட்டு இருந்தாரு.